கெடாத் தோட்டத் தமிழரும் கோழித்தீவனமும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

முன்னுரை

பட்டினப்பாலையைப் பாடஞ்சொல்லும் ஆசிரியர் இரண்டு செய்திகளைத் தவறாது எடுத்துரைப்பர். ஒன்று, காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து குவிந்த பண்டங்களுள் காழகத்துப் பொருளும் இடம்பெறுவது. காழகம் என்பது கடாரமே என நச்சினார்க்கினியர் உரைகொண்டதை அடியொற்றி, அதனை இன்றைய கெடாவோடு இணைப்போர் பலர், மறுப்போரும் உளர். மற்றொன்று, முற்றத்தில் உலரவிட்ட உணவைக் கவர வந்த கோழியை மகளிர் தம் பொற்குழையைக் கழற்றி எறிந்து விரட்டிய காட்சி. வகுப்பறையில் அக்குழையின் பொன் பேசப்படும். சோழநாட்டுச் செல்வச் செழிப்பு பேசப்படும். கோழி என்ன ஆயிற்று என்று எவரும் கேட்பதில்லை.

நாம் இக்கட்டுரையில் அக்கோழியைப் பின்தொடர முற்படுகிறோம். மனிதன் உண்ணும் தானியத்தையே கோழியும் நாடுகிறது என்ற எளிய உண்மை அக்காட்சியின் அடியில் உள்ளது. கோழி வளர்ப்போர் எக்காலத்திலும் விடை காணவேண்டியிருந்த வினாவும் அதிலிருந்தே பிறக்கிறது: வீட்டுக்குரிய தானியத்தில் கைவைக்காமல் கோழிக்கு எதைக் கொடுப்பது? குஞ்சு, விடைக்கோழி, முட்டையிடும் பெட்டை, அடைக்கோழி, சேவல், இவற்றோடு இரண்டொரு வாத்து என எல்லாம் ஒரே முற்றத்தில் கலந்து மேயும் வீட்டில் இவ்வினா மேலும் சிக்கலாகிறது. ஒன்றுக்கு ஏற்ற தீவனம் மற்றொன்றுக்குக் கேடாகலாம். கெடாவின் தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் இதற்குக் கண்ட விடையையும், அவ்விடை எவ்வாறு அவர்கள் கையைவிட்டுப் போயிற்று என்பதையும் ஆராய்வதே ஈண்டு நம் நோக்கம். தோட்ட வரலாற்றை எழுதியோர் ரப்பர் விலையையும் கூலியையும் மரண எண்ணிக்கையையும் விரிவாகப் பதிந்துள்ளனர். லயத்தின் பின்புறத்தில் மேய்ந்த கோழி அப்பதிவுகளுள் இடம்பெறுவது அரிது.

தானியமும் கோழியும்

கோழி மனிதனோடு சேர்ந்ததற்கே தீவனம்தான் காரணம் என்ற கருத்து அண்மையில் வலுப்பெற்றுள்ளது. தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வொன்று, உறுதியாக வீட்டுக்கோழி எனத்தக்க மிகப் பழைய சான்று கி.மு. 1650 முதல் 1250 வரையிலான காலத்தது என்கிறது. நெல்லும் தினையும் விளைந்த வயல்களும் களஞ்சியங்களும் காட்டுக்கோழியை ஊரருகே ஈர்த்தன. அவ்வாறு வந்த பறவையே பின்னர் வீட்டுக்குரியதாயிற்று என்பது அவ்வாய்வாளர் கொள்கை. இதன் மூதாதையான செங்காட்டுக்கோழி தீபகற்ப மலேசியாவின் காட்டோரங்களில் இன்றும் கூவுகிறது. ஆகவே கெடாவுக்கு வந்த தமிழர் கோழியைக் கப்பலில் ஏற்றிவர வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர்கள் கொண்டுவந்தது வளர்ப்பு முறையை. பறவை இங்கேயே கம்பத்துக் கோழியாய்க் காத்திருந்தது.

அரிசிக்கும் கோழிக்கும் உள்ள உறவு மருத்துவ வரலாற்றையே மாற்றிய கதையைத் தமிழாசிரியர் அறிந்திருத்தல் நன்று. அதில் தோட்டத் தமிழருக்கும் ஒரு பங்குண்டு. டச்சு மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மான், இன்றைய ஜகார்த்தாவாகிய பத்தாவியாவில், பெரிபெரி நோயின் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகள் திடீரெனக் கால் தளர்ந்து விழுந்தன. சிலகாலத்தில் தாமே தேறின. விசாரித்தபோது, இடையில் அவற்றுக்கு இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளையரிசிச் சோறு போடப்பட்டமை தெரியவந்தது. புதிதாய் வந்த சமையற்காரர், இராணுவத்து அரிசியைப் பொதுமக்களின் கோழிக்குத் தர இயலாது என மறுத்துவிட்டதால் பழைய அரிசியே மீண்டும் வந்தது, கோழிகள் பிழைத்தன. அச்சமையற்காரரின் கணக்குப் புத்தி இல்லையேல் இவ்வுண்மை இன்னும் சில காலம் மறைந்தே கிடந்திருக்கும். தீட்டப்பட்ட அரிசியில் இல்லாத ஏதோவொன்று தவிட்டில் இருந்தது. அதுவே பின்னர் தயமின் எனவும் வைட்டமின் பி1 எனவும் அறியப்பட்டது. எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதே வினா மலாயாவில் வேறொரு வழியில் எழுந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளரைப் பெரிபெரி வாட்டியபோது, புழுங்கலரிசி உண்ட தமிழர் அந்நோயிலிருந்து பெரிதும் தப்பியதைக் கண்டு 1907இல் விரிவாக எழுதினார். நோய்க்குக் காரணம் பழைய அரிசியில் சேரும் நஞ்சு என அவர் கருதியது பிற்காலத்தில் நிலைக்கவில்லை; ஆனால் அவர் கண்ட வேறுபாடு நிலைத்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டாண்டன் இருவரும் துரியான் தீப்புஸ் பகுதியில் சாலைவேலை செய்த ஜாவானியத் தொழிலாளரிடையே இருவகை அரிசியையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 1909இல் முடிவை வெளியிட்டனர். வெள்ளையரிசி உண்டோரிடமே பெரிபெரி தோன்றியது. அதன்பின் அவர்கள் கோழிகளைக்கொண்டே அரிசியைச் சோதித்தனர். வெள்ளையரிசியை மட்டும் தின்றவை முடங்கின. அதனோடு தவிடு சேர்த்துத் தின்றவை நலமாயிருந்தன. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குவதே புழுங்கலின் சிறப்பாகும்.

இதனால் நாம் பெறும் செய்தி ஒன்று உண்டு. தமிழர் லயங்களின் வாசலில் கொட்டப்பட்ட பழைய சோறும் கஞ்சித் தண்ணீரும் பத்தாவியா மருத்துவமனை முற்றத்தில் விழுந்த சோற்றைவிடக் கோழிக்கு உகந்தவையாயிருந்தன. அதை எவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஊர்ப்பழக்கமாக உண்ட அரிசி, வீட்டாரையும் கோழியையும் ஒருசேரக் காத்தது.

லயமும் கோழியும்

ஃபிரேசரும் ஸ்டாண்டனும் தம் முடிவை வெளியிட்ட அதே 1909இல்தான் பாங்காக் உடன்படிக்கையின்வழி கெடா சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறியது. அதன்பின் கூலிம், குவாலா மூடா, பாலிங் ஆகிய தென்மாவட்டங்களில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள்வழி தமிழகத்து மக்கள் வந்து குடியேறினர். கெடாவின் நிலவமைப்பு ஈண்டு கருதத்தக்கது. வடக்கே கோத்தா ஸ்டார், குபாங் பாசு, யான் ஆகியவை நெல்வயல்கள் நிறைந்த சமவெளி. 1885இல் வெட்டத்தொடங்கிய வான் முகமட் சமான் கால்வாய் அலோர் ஸ்டாரிலிருந்து குருண் வரை அச்சமவெளியை வளமாக்கியது. தெற்கே ரப்பர். சிலாங்கூர்த் தோட்டத்தார்க்குத் தவிடும் நொய்யும் தொலைவிலிருந்து வரவேண்டிய பொருள்கள். கெடாத் தோட்டத்தார்க்கோ நெல் ஆலை அடுத்த மாவட்டத்திலேயே இருந்தது. சுங்கை பட்டாணி, பீடோங், லூனாஸ், பாடாங் செராய்க் கடைத்தெருக்களில் தவிடு எளிதாய்க் கிடைத்தது.

தீவனத்துக்கு நிலமும் வேண்டும். மலாயாவில் வழக்கிலிருந்த தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குப் பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தை ஒதுக்குமாறு தோட்ட நிர்வாகத்தைப் பணித்தது. ஏறத்தாழ 2,700 சதுர அடி. இன்றைய வரிசைவீட்டு மனை ஒன்றைவிடப் பெரியது. இச்சலுகை எல்லாத் தோட்டங்களிலும் ஒழுங்காக நிறைவேறியது எனக் கொள்ளுதல் பிழையாகும். ஆயினும் கோழிக்கு அந்நிலத்தோடு எல்லை முடிவதில்லை. ரப்பர் மரநிழல், சாக்கடை ஓரம், மாட்டுக்கொட்டகை, பெரட்டுக்களம் யாவும் அதன் மேய்ச்சற்புலமே. தூண்களின்மேல் எழுப்பப்பட்ட பழைய லயங்களின் அடிப்பகுதி மழைக்கும் வெயிலுக்கும் அதற்குத் தங்குமிடமாயிற்று.

இனி, கலந்து வாழும் கோழிக்கூட்டத்துக்குத் தீவனம் எவ்வாறு பகுக்கப்பட்டது என்பதைக் காண்போம். தோட்டத்தில் வளர்ந்தோர் நினைவிலிருந்து சொல்லும் முறைகள் வீட்டுக்கு வீடு சிறிது வேறுபடினும் அடிப்படையில் ஒன்றேயாம். விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும் பெண், கூட்டைத் திறந்து ஒரு பிடி நொய்யோ முதல்நாள் சோறோ இறைத்துவிட்டுச் செல்வாள். பெருங்கோழிகள் அதைக் கொத்திவிட்டு மேயப் போய்விடும். பால்வெட்டு முடிந்து திரும்பியபின், மாலையில், தவிட்டைக் கஞ்சியில் பிசைந்து வைப்பாள். பகல் முழுதும் பறவை தானே தேடியது: புழு, பூச்சி, புல்விதை, கீரைத் தளிர், மணல்.

பொரித்த குஞ்சுகளுக்கு இம்முறை பொருந்தாது. முதற் சில வாரங்களில் அவற்றுக்குப் புரதம் மிகுதியும் தேவை. பெருங்கோழிகளோடு போட்டியிட்டுத் தின்னவும் அவற்றால் இயலாது. இதற்குத் தமிழர் கண்ட கருவி பஞ்சாரம். தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் மூங்கிற் கூடையால் கவிழ்த்து, உள்ளே நொய்யும் உடைத்த கறையான் புற்றும் இட்டால், வெளியிலுள்ள சேவலும் பெட்டையும் அதைத் தொட இயலாது. குஞ்சுகள் சற்று வளர்ந்தபின், கூடையின் ஓரத்தில் ஒரு கல்லை வைத்துச் சிறிது உயர்த்திவிடுவர். குஞ்சு நுழையும், கோழி நுழையாது. இன்று வேளாண் கல்லூரிகளில் இளம் விலங்குகளுக்குத் தனித்தீவனம் அளிக்கும் அடைப்பு முறையாகக் கற்பிக்கப்படுவது இதுவேயாகும். கறையான் எளிதில் செரிக்கும் புரதம். அதைத் தேடிக் கொணர்வது பெரும்பாலும் சிறுவர் வேலை.

அடைக்கோழியின் தேவை வேறு. அது நாளுக்கு ஒருமுறை மட்டுமே எழுந்துவரும். அப்போது கைக்கெட்டும் இடத்தில் முழுத்தானியமும் நீரும் இருந்தால் போதும். வாத்துக்கு நத்தை. தோட்டத்து வாழையடியில் மண்டிய ஆப்பிரிக்கப் பெருநத்தையை அவித்து நறுக்கிப் போடுவர். சேவலுள்ளும் வேற்றுமை உண்டு. முனீஸ்வரனுக்கோ மதுரைவீரனுக்கோ நேர்ந்துவிட்ட சேவலை விற்கவும் இயலாது, இடையில் அறுக்கவும் இயலாது. திருவிழா வரும்வரை அதற்குத் தீனி போட்டே ஆகவேண்டும். கணக்குப் பார்க்கும் இல்லத்தரசிக்கு அது ஒரு செலவுதான். ஆயினும் நேர்த்திக்கடனில் கணக்குப் பார்ப்பது வழக்கமன்று.

பெட்டைக்கோழிக்கு ஓட்டுக்கான சுண்ணச்சத்து எங்கிருந்து கிடைத்தது என்பதே நமக்கு மிகச் சுவையானதாகப் படுகிறது. குழம்புக்கு வாங்கிய கெராங் மட்டியின் ஓடுகளும் முட்டையோடுகளும் அம்மியிலோ உரலிலோ நொறுக்கப்பட்டு முற்றத்தின் ஓர் ஓரத்தில் கொட்டப்பட்டன. தவிட்டோடு அவை கலக்கப்படவில்லை. வேண்டிய கோழி சென்று தின்றது, வேண்டாதது தின்னவில்லை. முட்டையிடும் கோழி தன் சுண்ணத் தேவையைத் தானே உணர்ந்து தேர்ந்துண்ணும் என்பதை ஹியூஸ், வுட்கஷ் என்னும் இரு ஆய்வாளர் 1971இல் சோதனைவழி நிறுவினர். லயத்துப் பெண்கள் இதற்கு ஆய்வேடு எதையும் எழுதவில்லை. ஓட்டைத் தனியே கொட்டினர், அவ்வளவே.

முட்டையும் கோழியும் விற்ற காசு பெரும்பாலும் பெண்கள் கையில் நின்றது. 1937இல் வெளியான சீனிவாச சாஸ்திரி அறிக்கை, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாகக் கூலியை மீட்டளிக்கப் பரிந்துரைத்த காலம் அது. அத்தகைய கூலியில், கங்காணியின் பற்றுவரவுப் புத்தகத்துக்கும் கள்ளுக்கடைக்கும் எட்டாத பணம் என்று ஒன்று இருந்ததெனில் அது கோழிக்காசே எனலாம். 1947இல் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்தபோது பெண்கள் அதில் முனைந்து நின்றதன் பின்னணியில் வீட்டுப் பொருளாதாரம் யார் முயற்சியால் நடந்தது என்பதையும் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

பஞ்சமும் வேலியும்

ஜித்ராப் போரில் 1941 டிசம்பரில் பிரிட்டிஷ் படை தோற்றபின் கெடா ஜப்பானியர் வசமாயிற்று. 1943 அக்டோபரில் அதன் நிர்வாகம் தாய்லாந்திடம் ஒப்படைக்கப்பட்டு, போர் முடியும்வரை அவ்வாறே நீடித்தது. ரப்பருக்குச் சந்தையில்லை. அரிசி அருகியது. தோட்டத்து மக்களுள் பலர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எஞ்சியோர் மரவள்ளிக்கிழங்கை உண்டு உயிர்வாழ்ந்தனர். நெல்வளம் மிக்க கெடாவிலேயே தவிடு மனிதர் உண்ணும் பொருளாயிற்று எனில், கோழிக்கு மிஞ்சியது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மரவள்ளியில் மாவுச்சத்து உண்டு; புரதம் மிகக் குறைவு. பச்சைக்கிழங்கிலும் தோலிலும் நச்சுப்பொருள் உள்ளதால் அவித்தோ உலர்த்தியோதான் இடவேண்டும். கிழங்கை மட்டும் தின்ற கோழி உயிரோடு திரியும், முட்டையிடுவதை நிறுத்திவிடும். புழுவையும் கறையானையும் நத்தையையும் தேடித்தின்ற பறவைகளே அக்காலத்தைக் கடந்து வந்தன. எந்தத் தீவனமும் இல்லாத காலத்தில் மேய்ச்சற்புலமே தீவனமாய் நின்றது.

அப்புலத்துக்கு 1948இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் வேலியிட்டது. சிதறிக்கிடந்த லயங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. காட்டிலிருந்த பொதுவுடைமைப் போராளிகளுக்கு உணவு சென்றடையக் கூடாதென, கட்டுப்பாட்டுப் பகுதிகளில் அரிசி பங்கீட்டுக்குள் வந்தது. வாயிலில் சோதனை நடந்தது. வேலைக்குச் செல்வோர் ஒரு பிடி அரிசியை வெளியே கொண்டுசெல்வதும் குற்றமாகலாம். 1955 டிசம்பரில் பேச்சுவார்த்தை நடந்த பாலிங் நகரைச் சுற்றிய தோட்டங்கள் இந்நெருக்கடியை நன்கறிந்தவை. நெருங்கிய வீடுகளுக்கிடையே கோழி பெருகினால் நோயும் பெருகும். தமிழர் வெள்ளைக்கழிச்சல் என வழங்கும் இராணிக்கேட் நோய் ஒரு லயத்தில் நுழைந்தால் மறுவாரம் கூடுகள் வெறுமையாகும்.

சாக்குத் தீவனம்

கருஞ்சிவப்பு நிறத்து ரோட் ஐலண்ட் முதலிய அயலினங்களும் அவற்றின் வழித்தோன்றிய கலப்பினங்களும் பரவியபின், 1960களிலிருந்து ஆலைத்தீவனம் சந்தையை ஆளத்தொடங்கியது. இறக்குமதிச் சோளமும் சோயாப் புண்ணாக்கும் அதன் இரு தூண்கள். மீன் தூள், உயிர்ச்சத்து, சுண்ணம் ஆகியவை அளவறிந்து சேர்க்கப்பட்டன. இவ்வறிவியலை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. முட்டை ஏழை வீட்டிலும் அன்றாட உணவாகியது இதனாலேதான். ஆனால் ஆலைத்தீவனம் ஒரு நிபந்தனையோடு வந்தது: ஒரு கொட்டகையில் ஒரே வயது, ஒரே இனம், ஒரே நோக்கம். கலந்த கூட்டத்தை அது எண்ணிப் பார்க்கவில்லை.

குஞ்சுத் தீவனத்தில் புரதம் நூற்றுக்கு 20 அளவிலும் சுண்ணம் 1 அளவிலும் இருக்கும். முட்டைக்கோழித் தீவனத்தில் புரதம் 16 அல்லது 17, சுண்ணமோ 3.5 முதல் 4 வரை. பின்னதைக் குஞ்சும் விடைக்கோழியும் தொடர்ந்து தின்றால் மிகுதிச் சுண்ணம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முன்னதை மட்டும் பெட்டை தின்றால் முட்டையோடு மெலியும். பறவை தன் எலும்பிலிருந்தே சுண்ணத்தைக் கரைத்தெடுக்கும். சேவலுக்கு முட்டைக்கோழித் தீவனத்தால் எப்பயனும் இல்லை. வாத்துக்குஞ்சுக்கு நயசின் என்னும் உயிர்ச்சத்து கோழிக்குஞ்சைவிடக் கூடுதலாக வேண்டும். அது குறைந்தால் கால் வளையும். இரத்தக்கழிச்சலைத் தடுக்கக் குஞ்சுத் தீவனத்தில் கலக்கப்படும் மருந்துகளுள் நிகர்பசின் போன்றவை பெட்டையின் முட்டையிடலைக் குறைப்பவை.

பூஞ்சை நஞ்சும் இத்தகையதே. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சம் வான்கோழிகள் மடிந்தபின், பூசணம் பிடித்த நிலக்கடலைப் புண்ணாக்கில் அஃப்ளடாக்சின் கண்டறியப்பட்டது. அதற்கு மிக எளிதில் பலியாகும் பறவைகளுள் வாத்துக்குஞ்சு முதன்மையானது. கெடாவின் ஈரக்காற்றில், திறந்த சாக்கில் வாரக்கணக்கில் கிடக்கும் சோளத்தைக் கோழி தின்று தப்பலாம். அதே தொட்டியில் வாய்வைத்த வாத்து தப்பாது. தவிடும் குறையற்றதன்று. அதிலுள்ள எண்ணெய் அரைத்த சில நாள்களிலேயே சிக்கெடுக்கும். சிற்றாலைத் தவிட்டில் உமியும் அரைபட்டுச் சேர்வதால் குஞ்சுக்கு அது ஆகாது. நொய் மட்டும் தனியே கொடுக்கப்பட்டதன் காரணம் இதுவேயாகலாம்.

இந்நிலையில் இன்று கலப்புக்கூட்டம் வளர்ப்போர்க்கு வல்லுநர் கூறும் பொதுவழி யாது? வளரும் கோழிக்கு ஏற்ற, சுண்ணம் குறைந்த தீவனத்தை அனைத்துக்கும் பொதுவாக வைத்து, சிப்பியோட்டைத் தனிக்கலத்தில் வைக்கவேண்டும். குஞ்சுக்கு மட்டும் அடைப்புக்குள் தனியே இடவேண்டும். லயத்து முற்றத்தில் பஞ்சாரமும் மட்டியோட்டுக் குவியலும் இருந்த இடங்களை இவ்வறிவுரையோடு பொருத்திப் பார்த்தால், இரண்டும் ஒன்றே எனக் காணலாம். மேலும் ஒன்று: ஆண்டுக்கு ஏறத்தாழ 300 முட்டையிடும் கலப்பினப் பெட்டைக்கு வகுத்த அளவு, சில ஈடுகளில் ஐம்பதளவு முட்டையிட்டு இடையிடையே அடைகாக்கும் கம்பத்துக் கோழிக்குப் பொருந்தாது. சாக்கின்மேல் அச்சிட்ட எண்களைத் தோட்டத்துக் கோழிக்கு அப்படியே பொருத்துவது, பல்கலைக்கழகப் பாடநூலைப் பாலர் வகுப்பில் நடத்துவது போன்றதாகும்.

சொற்களும் இதே கதையைச் சொல்கின்றன. குஞ்சு, விடை, பெட்டை, அடை, சேவல் எனத் தமிழ் வாழ்நிலைக்கேற்பப் பெயரிட்டது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தீனிமுறை இருந்தது. தானியத்திலும் தவிடு, நொய், குருணை, உமி, பதர் என வேறுபாடு கண்டது. கெடாக் கடைத்தெருவில் இன்று கேட்டால் எல்லாவற்றுக்கும் டெடாக் என்ற ஒரே மலாய்ச் சொல்தான். அச்சொல்லுக்கு முதற்பொருள் தவிடு; ஆலைத்தீவனம் வந்தபின் சாக்குத் தீவனம் முழுவதையும் அது குறிக்கலாயிற்று. அண்மைக்கால அரசியல் பேச்சில் அது கையூட்டையும் குறிக்கிறது என்பதை நண்பர்கள் அறிவர். விடைக்கோழி என்ற சொல்லை அறியாத மாணவர் இடைநிலைப்பள்ளியில் இன்று மிகப் பலர்; அது அவர்கள் குற்றமன்று.

நிலம் போனபின்

1950களில் அயலார் தோட்டங்கள் துண்டுகளாக விற்கப்பட்டதை உங்கு அசீஸ் ஆராய்ந்து 1960களின் தொடக்கத்தில் அறிக்கையாக்கினார். துண்டாடல் என நம்மவர் இன்றும் கசப்போடு குறிப்பிடும் அந்நிகழ்வுக்கு எதிர்வினையாக, துன் வீ. தி. சம்பந்தனின் முயற்சியில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது; அது முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். தொழிலாளர் நிலத்துக்கு உரிமையாளராகும் அம்முயற்சி போற்றத்தக்கதே. எனினும் பிற தோட்டங்கள் பல விற்கப்பட்டன. ரப்பர் செம்பனைக்கு இடந்தந்தது. பின்னர் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் மாறியது. ஆண்டுக்கணக்கில் உழைத்த குடும்பங்கள் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் மலிவு விலை வீடுகளுக்குப் பெயர்ந்தன. அவர்களுக்குக் கிடைத்த இழப்பீட்டுக் கணக்கில் வேலைசெய்த ஆண்டுகள் இருந்தன. மேய்ச்சற்புலத்துக்கென ஒரு நிரல் இல்லை.

வடகெடாவிலும் மாற்றம் நேர்ந்தது. 1970இல் மூடா நீர்ப்பாசனத் திட்டம் நிறைவுற்று இருபோகம் விளைந்தது, நெல் பெருகியது. ஆனால் 1970களின் பிற்பகுதியில் அறுவடை இயந்திரங்கள் வந்தபின், வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கும் ஏழைப் பெண்களின் வழக்கம் ஒழிந்ததை ஜேம்ஸ் ஸ்காட் 1985இல் வெளியிட்ட தம் கெடா நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். அவர் எழுதியது மலாய்ச் சிற்றூர் ஒன்றைப் பற்றி. பொறுக்கிய நெல்லில் கோழிக்கும் பங்குண்டு என்பதால், லயத்துப் பெண்ணும் வயலோரப் பெண்ணும் இழந்தது ஒருவகையில் ஒன்றே. செம்பனை தரும் பருப்புப் புண்ணாக்கும் தோட்டத்தார்க்கு வாய்க்கவில்லை; நார் மிகுந்த அது கோழிக்குச் சிறிதளவே ஏற்கும் என்பது ஒருபுறமிருக்க, பெரும்பகுதி நியூசிலாந்து முதலிய நாடுகளின் மாடுகளுக்குக் கப்பலேறுகிறது.

அறிவியல் முற்றத்துக் கோழியை முற்றும் மறந்ததென்று கூறவியலாது. 1980களில் மலேசிய வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளரும் ஆஸ்திரேலிய ஆய்வாளரும் இணைந்து, வெப்பம் தாங்கும் இராணிக்கேட் தடுப்பு மருந்தைத் தீவனத்திலேயே பூசிக் கொடுக்கும் முறையை உருவாக்கினர். ஊசிபோடப் பிடிக்க இயலாத கம்பத்துக் கோழிக்கு மருந்து, தீனியின் உருவில் சென்றது.

2004 ஆகஸ்டில் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் தோன்றியபின் முற்றத்துக் கோழியின்மீது ஐயம் படர்ந்தது. 2022இல் சோளமும் சோயாவும் விலையேறியபோது கோழி தட்டுப்பாடாகி, அவ்வாண்டு ஜூன் 1 முதல் அரசு கோழி ஏற்றுமதியை நிறுத்திவைத்தது. அத்தடை அக்டோபரில்தான் சிங்கப்பூருக்கு முற்றிலும் நீங்கியது. இந்நாட்டுக் கோழிவளர்ப்புச் செலவில் ஏறக்குறைய எழுபது விழுக்காடு தீவனத்துக்கே போகிறது. அத்தீவனத்தின் சோளம் கடல்கடந்து வருகிறது. அவ்விலையேற்றத்தின்போது மலிவு விலை வீட்டு மாடியில் வாழ்ந்த முன்னாள் தோட்டத்தாரால் கூட்டைத் திறந்துவிட்டு மேயவைக்க இயலவில்லை.

எஞ்சிய தோட்டங்களில் பஞ்சாரம் கவிழ்க்கத் தெரிந்தோர் இன்னும் உள்ளனர். பெரும்பாலோர் எழுபது வயதைக் கடந்த பெண்கள். கெடாத் தமிழ்ப்பள்ளிகளில் வாய்மொழி வரலாற்றுப் பணியை மாணவர்க்கு அளிக்கும் ஆசிரியர், கூலியும் வேலைநிறுத்தமும் பற்றிய வினாக்களோடு, குஞ்சுக்கு என்ன கொடுத்தீர்கள், அடைக்கோழிக்கு என்ன கொடுத்தீர்கள், ஓட்டை எங்கே கொட்டினீர்கள் என்னும் மூன்று வினாக்களையும் சேர்த்தனுப்பலாம்.